மாமியார் போட்ட கணக்கு

(தலைப்பு: மொட்டை மாடியில் சூரிய மின்சாரம் – குடும்பத்துக்கு வரவா? செலவா? ‘வரவே’ என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், “லட்ச ரூபாயைக் கொண்டுபோய் மொட்டை மாடியில காயப் போடலாமா?” என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீங்க. நடுவர் அவர்களே, மொட்டை மாடியில் என்ன காயப் போடலாம் என்பதற்காக எங்க வீட்டில் ஒரு யுத்தமே நடந்திருக்கிறது. (சிரிப்பு)

எங்க ஊர் திருமங்கலம். “அத்தை, மாடியில சோலார் போடலாம்னு இருக்கோம்”னு மாமியார்கிட்ட சொன்னேன். “அப்ப என் வடகத்தை எங்க காயப் போடுறது? உன் தலையிலயா?”ன்னு கேட்டாங்க. (சிரிப்பு, கைதட்டல்)

சோலார் போடுற ஒருத்தர் வந்தார். “மூணு கிலோவாட் போடுங்கம்மா, மானியம் 78,000 ரூபாய் கிடைக்கும்”னார். அவர் சொன்னது பொய் இல்லை. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூர்ய கர் திட்டத்தில், முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000 ரூபாய் மானியம். எவ்வளவு பெரிசாப் போட்டாலும் உச்சவரம்பு 78,000 ரூபாய். நான் அந்த 78,000-த்தில் மயங்கிட்டேன். ஆடித் தள்ளுபடியில ஒரு புடவை எடுக்கப் போய் நாலு எடுத்துட்டு வருவோமே, அந்த மயக்கம்! (சிரிப்பு)

அத்தை ஒண்ணும் பேசலை. உள்ளே போய், மஞ்சப் பையில பத்திரமா வெச்சிருந்த கரண்டு கார்டை எடுத்துட்டு வந்தாங்க. எங்க அத்தை அஞ்சாம் வகுப்பு. “இதைப் பாரு. ரெண்டு மாசத்துக்கு 700 யூனிட் ஆகுது. உன் மிஷினு எவ்வளவு கொடுக்கும்?”

நடுவர் அவர்களே, நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியா நாலு யூனிட் கொடுக்கும். இரண்டு கிலோவாட்டுக்கு எட்டு. அறுபது நாளைக்கு 480. எழுநூறில் 480 போனா மிச்சம் 220 யூனிட்.

“முதல் 100 யூனிட்தான் கவர்மெண்டு சும்மா கொடுக்குதே. அடுத்ததும் சல்லிசு ரேட்டுதானே. சும்மா வர்றதுக்கும் சல்லிசா வர்றதுக்கும் எதுக்கும்மா மூணாவது கிலோவாட்டு?” அப்படின்னாங்க அத்தை. (பலத்த கைதட்டல்)

2024 ஜூலைக் கட்டணப்படி 700 யூனிட்டுக்கு எங்க பில் 3,905 ரூபாய். இரண்டு கிலோவாட் போட்ட பிறகு நானூறு, ஐநூறு ரூபாய்தான் வருது. வருஷத்துக்கு ஏறத்தாழ 20,000 ரூபாய் மிச்சம். செலவு 1,40,000. மானியம் 60,000 போக எங்க கைக்காசு 80,000. நாலே வருஷத்தில் போட்ட பணம் வந்துடும். மூணாவது கிலோவாட்டுக்கு மானியம் போக இன்னொரு முப்பதாயிரம் கொடுத்திருந்தா, மிஞ்சிப்போனா அந்த நானூறு, ஐநூறுதான் மிச்சமாகும். அந்தப் பணம் திரும்பிவரப் பத்து வருஷத்துக்கு மேலாகும்!

எதிரணியினர் சொல்றாங்க, “மானியம்னாங்க, முதல்ல நம்ம காசைத்தான் கேக்கிறாங்க”ன்னு. வாஸ்தவம். பலகை ஏறி, மின்வாரியம் வந்து பார்த்து, மீட்டர் மாட்டின பிறகுதான் மானியம் நம்ம வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரைக்கும் முழுத் தொகையையும் நாமதான் புரட்டணும். வங்கியில் இதற்கென்றே அடமானம் இல்லாத கடன் உண்டு. வேலையைக் கொடுக்கும் முன்னாடி, அந்தக் கம்பெனி அரசுப் பதிவில் இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா மானியம் கிடைக்காது.

“கரண்டு போனா சோலாரும் நின்னுடுதே, இது என்ன கூத்து?”ன்னு கேலி பண்ணினார் இன்னொரு நண்பர். உண்மைதான். பேட்டரி இல்லாம மின்வாரியக் கம்பியோட இணைச்ச அமைப்பு, கம்பியில் கரண்டு போனதும் தானா நின்னுடும். ஏன்? அந்த நேரத்தில் கம்பத்து மேல ஒரு லைன்மேன் ஏறி நிப்பார். கரண்டு இல்லைன்னு நம்பிக் கம்பியைத் தொடுவார். நம்ம மாடி மின்சாரம் அந்தக் கம்பியில் ஓடினா அவர் குடும்பம் என்ன ஆகும்? நீங்க குறைன்னு சொன்னது, இன்னொரு வீட்டுத் தாலிக்குக் காவல் ஐயா! (நீண்ட கைதட்டல்)

எல்லாருக்கும் போடச் சொல்லலை. இரண்டு மாசத்துக்கு 200 யூனிட்டுக்குள்ள செலவாகிற வீட்டுக்கு இது வேண்டாம். 2024 ஜூலைக் கட்டணப்படி அவங்க பில் 235 ரூபாய்தான். வேப்பமர நிழலோ தண்ணித் தொட்டி நிழலோ விழுகிற மாடிக்கும் சரிவராது. பத்துப் பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை வெயிலுக்கு முன்னாடி தண்ணி ஊத்திக் காக்கா எச்சத்தைக் கழுவணும். பலகை 25 வருஷம் உழைக்கும். இன்வெர்ட்டர் அதுவரைக்கும் தாங்காது, நடுவில் மாத்தணும். அதுக்கும் ஒரு தொகையை எடுத்து வையுங்க. இத்தனையும் கழிச்ச பிறகும் இது வரவுதான்னு சொல்றேன்.

நடுவர் அவர்களே, கடைசியா ஒண்ணு. நான் எதுக்காக இந்த சோலாரைப் போட்டேன் தெரியுமா? பில்லுக்காக மட்டும் இல்லை. ஒரு சித்திரை மாசம், தலைவலின்னு பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானமே வீட்டுக்கு வந்துட்டேன். கூடத்தில் ஃபேன் ஓடலை. அத்தை சுவரில் சாஞ்சு, சேலை நனைய வேர்த்து, பனையோலை விசிறியால வீசிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. “கரண்டு இல்லையா அத்தை?”ன்னு கேட்டேன். “இருக்கும்மா. அறுநூறைத் தாண்டினா யூனிட்டு ஒம்பது ரூபா அறுபத்தஞ்சு காசுன்னாங்களே. நீங்க எல்லாம் ராத்திரி நல்லாத் தூங்கணும். பகல்ல எனக்கு ஒருத்திக்கு எதுக்கு?”

ஒரு ஃபேன் பகல் முழுக்க ஓடினா முக்கால் யூனிட். ஏழு ரூபாய். அந்த ஏழு ரூபாய்க்காக எத்தனை வருஷமா அப்படி உட்கார்ந்திருந்தாங்கன்னு எனக்குத் தெரியாது. நாங்க யாரும் கேட்டதும் இல்லை. (அமைதி)

இப்ப உச்சி வெயில் எங்க மாடியில் அடிக்கும்போது, கீழே அத்தைக்கு ஃபேன் ஓடுது. எந்த வெயில் அவங்களை வேர்க்க வெச்சதோ, அதே வெயில்தான் இப்ப அவங்களுக்கு விசிறி வீசுது. இதைச் செலவுக் கணக்கிலா எழுதுவீங்க?

ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி இடம் வேணும். மூணாவது வேண்டாம்னு அத்தை சொன்னாங்களே, அந்த 100 சதுர அடியில இப்ப என்ன இருக்கு தெரியுமா? வடகம் காயுது! (சிரிப்பு)

வரவே, வரவே என்று சொல்லி விடைபெறுகிறேன். (பலத்த கைதட்டல்)