ஒரு மரமும் பல வேர்களும்



நான் 32 ஆண்டுகள் ஆசிரியராகவும் தலைமை ஆசிரியராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆண்டுதோறும் மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்வது என் வழக்கம். அப்போது நான் விதித்த கட்டளை ஒன்று உண்டு. செல்லும் இடத்தில் கல்வெட்டோ அறிவிப்புப் பலகையோ இருப்பின், அதனை ஓர் எழுத்தும் விடாமல் ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். முழுமையாக எழுதியவர்க்கு முழு மதிப்பெண்.

ஓராண்டு ஓர் அணைக்கட்டுக்குச் சென்று திரும்பினோம். ஒரு மாணவியின் ஏட்டில் பாதிப் பக்கம் வெற்றிடமாக இருந்தது. காரணம் கேட்டேன். “அங்கே இருந்த காவற்காரத் தாத்தா பேசிக்கொண்டிருந்தார், ஐயா. அவருடைய தாத்தா அந்த அணைக்குக் கல் சுமந்தவராம். கேட்டுக்கொண்டே நின்றுவிட்டேன்” என்றாள். நான் மதிப்பெண்ணைக் குறைத்தேன். அந்த முதியவர் என்ன சொன்னார் என்று அவளை நான் கேட்கவே இல்லை. அந்நாளில் அதை ஒரு குறையாக நான் எண்ணவும் இல்லை. குறை என்று உணர்ந்தது பல ஆண்டுகள் கழித்து, கடல் கடந்த ஓர் ஊரில். அந்த ஊரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் கலிபோர்னியா மாநிலம் இருக்கிறது. அதன் தென்பகுதியில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கிழக்கே அமைந்தது ரிவர்சைடு என்னும் நகரம். என் மகள் அப்பக்கத்தில் வாழ்கிறாள். சில ஆண்டுகளுக்கு முன் அவள் இல்லத்தில் தங்கியிருந்தபோது, அந்நகரின் பழைய இடங்களை ஒவ்வொன்றாகச் சென்று கண்டேன். அவற்றுள் பெரும்பாலானவை ஒரே ஒரு பழத்தோடு தொடர்புடையவை. அதுவே ஆரஞ்சு.

ஆரஞ்சு நமக்கு அயலான பழம் அன்று. ஆங்கிலச் சொல்லாகிய ஆரஞ்சு என்பதன் வழியைத் தேடிச் சென்றால், ஸ்பானிய மொழியின் நரஞ்சா, அரபு மொழியின் நாரஞ்சு, பாரசீகத்தின் நாரங்கு, வடமொழியின் நாரங்கம் எனப் படிப்படியாக இந்தியாவுக்கே வந்து சேர்கிறோம். அதற்கும் வேர், நம் நாரத்தை என்னும் சொல் சார்ந்த திராவிடக் குடும்பத்தில் உள்ளது என்று சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். ஆதலின், அந்த அயலூரில் அந்த மரங்களைக் கண்டபோது தெரிந்த முகத்தைக் கண்ட மகிழ்ச்சியே எனக்கு ஏற்பட்டது.

ரிவர்சைடு 1870-ஆம் ஆண்டு தோன்றிய குடியிருப்பு. மழை குறைந்த வறண்ட நிலம் அது. அங்குக் குடியேறியவர்களுள் எலிசா டிப்பெட்ஸ் என்னும் அம்மையாரும் ஒருவர். தென் அமெரிக்காவில் பிரேசில் நாட்டின் பாகியாப் பகுதியில் விதையில்லாத ஒருவகை ஆரஞ்சு விளைந்தது. பழத்தின் அடியில் கொப்பூழ் போன்ற ஒரு சுழி இருக்கும். அதன் கன்றுகளை வரவழைத்து வாஷிங்டனில் வளர்த்துவந்தார் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த வில்லியம் சாண்டர்ஸ். அவரிடமிருந்து எலிசா அம்மையார் 1873-இல் சில கன்றுகளைப் பெற்றார். அவற்றுள் இரண்டு நிலைத்து வளர்ந்தன. பாத்திரம் கழுவிய நீரை ஊற்றியே அவர் அவற்றைக் காப்பாற்றினார் என்று அவ்வூரார் கூறுவதுண்டு.

இங்கே தாவரவியல் பயிலும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விதை இல்லாத பழத்தை விதை ஊன்றிப் பெருக்க இயலாது. தாய்மரத்தின் மொட்டை எடுத்து வேறொரு நாற்றின் தண்டில் ஒட்டுக்கட்ட வேண்டும். ஆகவே கலிபோர்னியாவில் பல்லாயிரம் ஏக்கரில் பரவிய ‘வாஷிங்டன் நேவல்’ மரங்கள் எல்லாம் அந்த இரண்டு மரங்களின் உடலிலிருந்து பிரிந்த கிளைகளே எனலாம். குளிர்காலத்தில் பழுப்பது, தோல் எளிதில் உரிவது, தொலைதூரப் பயணத்தைத் தாங்குவது ஆகிய சிறப்புகளால் அது பெரும் செல்வத்தை ஈட்டியது. நகை வணிகம் செய்துவந்த மாத்யூ கேஜ் என்பவர் 1880-களில் சாண்டா அனா ஆற்றிலிருந்து வெட்டுவித்த கால்வாய் வறண்ட மேட்டு நிலங்களைத் தோப்புகளாக்கியது. 1895-ஆம் ஆண்டளவில், தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் நாட்டிலேயே செல்வம் மிக்க நகரம் ரிவர்சைடே என்று பெயர் பெற்றது.

அந்த இரண்டு மரங்களுள் ஒன்றை 1903-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு விடுதியின் முற்றத்துக்குப் பெயர்த்து நட்டனர். மிஷன் இன் என்று இன்று வழங்கும் விடுதி அது. அந்நாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே மண் அள்ளிப் போட்டார். ஆயினும் அம்மரம் 1920-களின் தொடக்கத்தில் பட்டுப்போயிற்று. மற்றொன்று மாக்னோலியா, ஆர்லிங்டன் என்னும் இரு சாலைகள் கூடும் மூலையில் இரும்பு வேலிக்குள் இன்றும் நிற்கிறது. மாநிலத்தின் வரலாற்றுச் சின்னங்களின் வரிசையில் அதற்கு எண் 20.

நான் முதலில் கண்டது அதைத்தான். எலிசா அம்மையாரைப் போற்றும் கல் ஒன்று அதன் அருகே உண்டு. பழக்கத்தின் வலிமை பாருங்கள்! என் கை தானாகவே சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தது. கல்லில் இருந்ததை ஓர் எழுத்தும் விடாமல் எழுதிக்கொண்டேன்.

அடுத்து, இரு சாலைகள் சந்திக்கும் வேறோர் இடத்துக்கு மகள் அழைத்துச் சென்றாள். டெக்கஸ்கிட்டே, பிராக்டன் என்பன அச்சாலைகளின் பெயர்கள். அங்குக் கட்டடம் ஏதும் இல்லை. வெற்று நிலமே கண்ணில் பட்டது. “இங்கே என்னம்மா இருக்கிறது?” என்று கேட்டேன். “ஒன்றும் இல்லை, அப்பா. இங்கேதான் சீனர் குடியிருப்பு இருந்தது” என்றாள்.

1880-களில் ரிவர்சைடில் பழம் பறித்தவர்களும் பெட்டிகளில் அடுக்கியவர்களும் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள். நகரின் நடுவே வாழ்ந்த அவர்களை 1885-இல் ஊருக்கு வெளியே போகச் செய்தனர். அவர்கள் இந்தத் தாழ்ந்த நிலத்தில் குடியேறினர். 1893-இல் தீயில் எரிந்த குடியிருப்பைச் செங்கல்லால் மீண்டும் கட்டினர். 1882-ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர் புதிதாக வருவதைத் தடுத்துவிட்டமையால் ஊர் சிறிதுசிறிதாகத் தேய்ந்தது. அங்கு வாழ்ந்த கடைசி மனிதர் 1974-இல் காலமானார். பின்னர், 1980-களில் ஆராய்ச்சியாளர் அந்நிலத்தை அகழ்ந்து, அம்மக்கள் புழங்கிய பொருள்களைத் திரட்டினர். என் கையில் குறிப்பேடு திறந்தபடி இருந்தது. எழுதிக்கொள்ள அங்கே ஏதும் இல்லை.

அணைக்கட்டில் நின்ற அந்த மாணவி அப்போதுதான் என் நினைவுக்கு வந்தாள்.

அதன்பின் நான் இடங்களைக் கண்ட முறையே மாறிவிட்டது. பசப்பா முகாம் என்னும் இடத்துக்குச் சென்றேன். கொரியா நாட்டின் விடுதலைக்கு உழைத்த ஆன் சாங் ஹோ என்னும் பெருமகனார் 1904-இல் ரிவர்சைடுக்கு வந்தார். ஏறத்தாழ 20 மரக்குடில்கள் கொண்ட கொரியர் குடியிருப்பு ஒன்றை அங்கே உருவாக்கினார். மின்விளக்கோ குழாய் நீரோ இல்லாத குடில்கள் அவை. அவரும் தோழர்களும் தோப்புகளில் பழம் பறித்தனர். ஒரு பழத்தைக்கூடக் கவனமாகப் பறிப்பதே தாய்நாட்டுக்குச் செய்யும் தொண்டு என்று அவர் தம் மக்களுக்குப் போதித்தாராம்.

இது வெறும் அறவுரையா? அல்ல, அறிவியலும் அதனையே கூறிற்று. அக்காலத்தில் கிழக்கு நகரங்களுக்கு இரயிலில் சென்ற ஆரஞ்சுகள் வழியிலேயே பூஞ்சை பிடித்து அழுகிப் பேரிழப்பை உண்டாக்கின. அதன் காரணத்தை 1904-ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்தார் ஹெரால்டு பவல் என்னும் வேளாண் அறிஞர். பறிக்கும் கத்திரியும் விரல் நகமும் படுவதால் தோலில் ஏற்படும் நுண்ணிய கீறல்களே பூஞ்சைக்கு வாயில் என்று அவர் கண்டறிந்தார். அவ்வாறாயின் ஒரு மாநிலத்தின் செல்வம் எங்கே இருந்தது? வங்கியிலும் சந்தையிலும் மட்டுமா? கீறல் படாமல் பழம் பறித்த விரல்களிலும் இருந்ததன்றோ!

1913 சனவரியில் கடும் உறைபனி பெய்தது. விளைச்சல் அழிந்தது. வேலையிழந்த கொரியர் பலர் வேறூர்களுக்குச் சென்றனர். சில ஆண்டுகளில் குடியிருப்பு மறைந்தது. அது இருந்ததை உணர்த்தும் பலகை 2017-இல்தான் வைக்கப்பட்டது. ஆனால் நகரின் முதன்மை வீதியில் ஆன் சாங் ஹோவின் சிலை 2001 முதல் நிற்கிறது. அதே வீதியில் நம் காந்தியடிகளின் சிலையும் உண்டு. இருவரும் அடிமைப்பட்ட நாடுகளின் விடுதலைக்கு உழைத்தவர்கள், கைத்தொழிலை மதித்தவர்கள். அவ்விருவரையும் ஒரே வீதியில் கண்டு சற்று நேரம் நின்றேன்.

அந்நகரில் ஆரஞ்சு, எலுமிச்சை என்று பழங்களின் பெயரால் வழங்கும் வீதிகள் உள்ளன. எலுமிச்சை வீதியில் ஒரு வீடு இருக்கிறது. உணவு விடுதி நடத்திய ஹராடா என்னும் ஜப்பானியர் 1915-இல் வாங்கிய வீடு அது. நெருக்கடியான தங்குமிடத்தில் நோயுற்றுத் தம் மகனைப் பறிகொடுத்த அவர், மற்றப் பிள்ளைகளாவது நல்ல காற்றில் வளரட்டும் என்று விரும்பினார். ஆனால் 1913-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் ஜப்பானியக் குடியேறியவர்கள் நிலம் வாங்குவதைத் தடுத்தது. எனவே அமெரிக்காவில் பிறந்த தம் பிள்ளைகளின் பெயரில் வீட்டைப் பதிவு செய்தார். அக்கம்பக்கத்தார் எதிர்த்தனர், வழக்கும் நடந்தது. அந்நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு அவ்வீடு உரியதே என்று 1918-இல் தீர்ப்பாயிற்று.

கதை அத்துடன் முடியவில்லை. 1942-இல் போரைக் காரணம் காட்டி ஜப்பானிய மரபினர் அனைவரையும் முகாம்களுக்கு அனுப்பினர். வீட்டை விட்டு வெளியேறிய நாளை அக்குடும்பத்து மகன் ஓர் அறைச் சுவரில் எழுதி வைத்துச் சென்றார். பெற்றோர் இருவரும் முகாமிலேயே இறந்தனர். மகள் மட்டும் போர் முடிந்தபின் அவ்வீட்டுக்குத் திரும்பி வந்தார். இன்று அது நாட்டின் வரலாற்றுச் சின்னம். நான் வெளியிலிருந்தே அவ்வீட்டைக் கண்டேன். அரசு வைத்த கல்லெழுத்தை ஒருபுறமும், ஓர் இளைஞர் சுவரில் எழுதிய அந்த ஒரு வரியை மறுபுறமும் வைத்து எண்ணிப் பார்த்தேன். எது பெரிய கல்வெட்டு என்று என்னால் கூற முடியவில்லை.

தோப்புகள் பெரும்பாலும் இன்று அங்கு இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடுகளும் நெடுஞ்சாலைகளும் பெருகின. ஆரஞ்சுப் பயிர் வடக்கே சான் வாக்கீன் பள்ளத்தாக்குக்குப் பெயர்ந்தது. எஞ்சியதன் நினைவாக 1993-இல் திறக்கப்பட்ட மாநில வரலாற்றுப் பூங்கா ஒன்றும், 1907-இல் தோன்றிய ஆராய்ச்சி நிலையத்தின் வழிவந்த பல்கலைக்கழகமும் உள்ளன. நாரத்தைக் குடும்பத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளை அப்பல்கலைக்கழகத்தில் வளர்த்துக் காக்கின்றனர்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன் அந்தத் தாய்மரத்தை மீண்டும் ஒருமுறை காணச் சென்றேன். முதல் முறை நான் கவனியாத ஒன்றை அன்று கேட்டறிந்தேன். அந்த மரத்தின் சொந்த வேர்ப்பகுதி நெடுநாள்களுக்கு முன்பே நோயுற்றது. மரம் பட்டுவிடும் நிலை. அப்போது வேளாண் அறிஞர்கள், நோயைத் தாங்கும் வேறு இன நாற்றுகளை அதன் அடியைச் சுற்றி நட்டு, அவற்றின் நுனிகளைத் தாய்மரத்தின் தண்டோடு ஒட்டுக்கட்டினர். 1918-இலும் பின்னர் 1951-இலும் இவ்வாறு செய்தனர். அந்நாற்றுகளின் வேர்கள் உறிஞ்சித் தரும் நீரைக் கொண்டே அம்மரம் தளிர்க்கிறது, காய்க்கிறது. பெயர் பெற்றது மரம். அதை வாழவைத்தவை பெயரறியாத வேர்கள்.

இன்று மற்றொரு நோய் அதனை அச்சுறுத்துகிறது. சிறு பூச்சியொன்றால் பரவும் மஞ்சள் தளிர் நோய் அது. நம் நாட்டுத் தோட்டங்களும் அறிந்த அந்நோய், 2017-இல் ரிவர்சைடிலும் காணப்பட்டது. எனவே பூச்சி புகாத வலைக்கூடாரத்துக்குள் மரத்தை வைத்துக் காக்கின்றனர். ஒரு மரத்தைக் காக்க இத்தனை அக்கறை காட்டுவது நல்லதே. பறித்தவர்களின் நினைவையும் அவ்வாறே காக்க வேண்டும் என்று எண்ணி, அந்நகரத்து அறிஞர்களும் பொதுமக்களும் இன்று முயன்று வருகின்றனர். அதுவே அவ்வூரிடம் நான் கண்ட பெருமை.

மாணவ நண்பர்களே! எலிசா அம்மையாரின் புகழைக் குறைக்க நான் இவற்றைச் சொல்லவில்லை. அவர் பெயர் கல்லில் இருக்கட்டும். அவருடைய கணவரே தம் நிலத்தை இழந்து, 1902-இல் வறியவராய் இறந்தார் என்பதையும் நாம் மறக்க வேண்டா. ஆனால் நீங்கள் அணைக்கோ கோட்டைக்கோ பழைய ஆலைக்கோ செல்லும்போது, பலகையில் உள்ளதை எழுதிக்கொண்டபின் ஒரு பக்கத்தை வெற்றிடமாக விடுங்கள். அருகில் ஒரு முதியவர் இருந்தால் அவரிடம் சென்று அமருங்கள். அவர் சொல்வதை அந்தப் பக்கத்தில் எழுதுங்கள்.

அன்று பாதிப் பக்கத்தை எழுதாமல் வந்த அந்த மாணவி இன்று எங்கிருக்கிறாள் என்று அறியேன். இந்தப் பேச்சை அவள் கேட்க நேர்ந்தால், நான் குறைத்த மதிப்பெண்ணை இப்போது முழுமையாகத் தருகிறேன். அந்த முதியவர் அன்று என்ன சொன்னார் என்பதையும் அவளிடம் கேட்கிறேன், காலங்கடந்துதான் கேட்கிறேன்.