பெயின்ட்பால் போட்டி: கோப்பைக்கு முன் கண்

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

பிள்ளைகள் பெயின்ட்பால் போட்டி கேட்கிறார்கள். தாராளமாக நடத்தலாம். ஆனால் கோப்பை வாங்கும் முன் மூன்று வேலைக்கு ஆள் போடுங்கள்.

ஒருவர், ஒவ்வொரு துப்பாக்கியின் வேகத்தையும் குரோனோகிராஃப் கருவியில் பார்த்துக் குறிக்க வேண்டும். விநாடிக்கு 300 அடியைத் தாண்டினால் களத்துக்குள் விடக்கூடாது. இன்னொருவர், வலைக்குள் இருக்கும்வரை யாரும் முகக்கவசத்தைக் கழற்றாமல் பார்க்க வேண்டும். ஆட்டம் முடிந்துவிட்டாலும் சரி. மூன்றாமவர், வெளியே வரும் துப்பாக்கிகளின் குழலில் உறை இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். பணம் குறைந்தால் கைக்காசு போட்டுச் சரிக்கட்டலாம். கண் போனால் எதைப் போடுவது? என் பேரனே கெஞ்சினாலும் விதியைத் தளர்த்தாதீர்கள்.