வாயைக் கட்டினா போதுமா?
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவதுதான் படிச்சிருக்கேன். மேடையில பேசிப் பழக்கமில்லை. தப்பிருந்தா பொறுத்துக்கோங்க. ஒன்றரை வருஷம் முன்னாடி எங்க குழுவுக்கு ஒரு கடன் விண்ணப்பம் வந்துச்சு. அதை வேண்டாம்னு முதல்ல சொன்னது நான்தான். அதைப் பத்தித்தான் பேசப் போறேன்.

கேட்டது எங்க நாத்தனார். அதோ மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்காங்க. அவங்க சொல்லச் சொல்லித்தான் சொல்றேன். "உடம்பு குறைக்க ஆபரேஷன், 40,000 ரூபாய் வேணும்"னு கேட்டாங்க. கூட்டத்துல சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். "மாடு வாங்கக் கேளுங்க, தையல் மிஷினுக்குக் கேளுங்க. வாயைக் கட்டினா முடியுற வேலைக்குக் கடனா அண்ணி?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். அவங்க ஒண்ணும் பேசலை. பாஸ்புக்கை எடுத்துக்கிட்டு எழுந்து போயிட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுக்காரர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "அக்கா படுத்துத் தூங்கி ரெண்டு வருஷம் ஆகுது, உனக்குத் தெரியுமா?" படுத்தா மூச்சு அடைச்சுக்கும். அதனால சுவத்துல சாஞ்சு உட்கார்ந்தே தூங்குறாங்க. பக்கத்துத் தெருவுல இருந்தும் எனக்குத் தெரியலை.

அவங்க வாயைக் கட்டாம இல்லை. ஒரு வருஷம் ராத்திரி சோறே சாப்பிடலை. 12 கிலோ குறைஞ்சு, அப்புறம் 15 கிலோ ஏறிடுச்சு. இளைக்கிற பவுடர்னு ஒருத்தர் வித்ததுக்கு 18,000 ரூபாய் போச்சு. மக்களைத் தேடி மருத்துவத்துல வர்ற நம்ம குழு அக்கா பார்த்தப்போ சுகரும் இருந்துச்சு, பிரஷரும் இருந்துச்சு.

மறுவாரம் அவங்ககூட சென்னையில அரசு மருத்துவமனைக்கு நானே போனேன். அங்க டாக்டரம்மா ஒரு கணக்கு சொல்லிக் கொடுத்தாங்க. நீங்களும் போட்டுப் பாருங்க. எடையைக் கிலோவுல எழுதி, உயரத்தை மீட்டர்ல வச்சு ரெண்டு தடவை வகுக்கணும். அண்ணி 108 கிலோ, உயரம் 1.52 மீட்டர். 47 கிட்ட வந்துச்சு. நம்ம ஊர்க்காரங்களுக்கு 23-க்குள்ள இருக்கணும், 25 தாண்டினாலே உடல்பருமன். நம்ம நாட்டுல ரொம்ப நாளா 37.5-க்கு மேல இருந்தா, இல்லேன்னா 32.5-க்கு மேல இருந்து சுகர் மாதிரி வியாதியும் சேர்ந்திருந்தா, இந்த ஆபரேஷனை யோசிப்பாங்களாம். இப்போ அதுக்குக் கீழேயும் சிலருக்கு யோசிக்கிறாங்க.

"இவ்வளவு எடை ஏறினப்புறம் பட்டினி கிடந்தா உடம்பே எதிர்த்து நிக்கும். பசி கூடும், உடம்பு செலவழிக்கிறது குறையும். இது சோம்பேறித்தனம் இல்லைம்மா, வியாதி"ன்னு அந்த அம்மா சொன்னாங்க. எனக்குத் தலை நிமிர முடியலை.

ஆபரேஷன்ல இரைப்பையில முக்கால் பாகத்துக்கு மேல வெட்டி எடுத்துடுறாங்க. மிச்சம் ஒரு வாழைப்பழம் மாதிரி குழாயா இருக்கும். பசியைத் தூண்டுற சுரப்பும் குறையும். வயித்தைப் பெருசா கிழிக்கிறதில்லை, சின்னச் சின்ன ஓட்டை போட்டுத்தான் செய்றாங்க. சிலருக்கு இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோட மாத்தி இணைக்கிற இன்னொரு வகையும் உண்டு.

பயம் இல்லாம இல்லை. 2024-ல சென்னையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில இந்த ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரி பையன் இறந்துபோனது எல்லா டி.வி.யிலயும் வந்துச்சு. அதையும் கேட்டோம். டாக்டரம்மா மறைக்கலை. நல்ல அனுபவம் உள்ள இடத்துலயே ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு உயிராபத்து வரலாம், தையல் போட்ட இடம் கசியலாம், ரத்தம் கட்டலாம்னாங்க. ஆனா இப்படியே விட்டாலும் ஆபத்துதான், அது மெதுவா வரும்னாங்க. அதனால இருதயம், தூக்கம், எண்டோஸ்கோப்பி, மனநல டாக்டர்னு எல்லாம் பார்த்த பிறகுதான் தேதியே கொடுத்தாங்க.

வந்து குழுவுல நான் மன்னிப்புக் கேட்டேன். கடன் கொடுத்தோம். ஆபரேஷனுக்கு அங்க காசு வாங்கலை. கூட இருந்தவங்க சாப்பாடு, பஸ், புரோட்டீன் பவுடர், மூணு மாசம் வேலைக்குப் போகாத குறை, இதுக்குத்தான் அந்தப் பணம்.

இப்போ 14 மாசம் ஆச்சு. 108 கிலோ 78 ஆகியிருக்கு. மூணு சுகர் மாத்திரை ஒண்ணாச்சு. பாயில படுத்துத் தூங்குறாங்க.

ஆனா சும்மா கிடைச்சதில்லை. முதல் ரெண்டு வாரம் தண்ணியா இருக்கிறது மட்டும்தான், அதையும் மடக்கு மடக்காக் குடிக்கணும். இப்பவும் ஒரு சின்னக் கிண்ணம்தான் சாப்பாடு. முட்டை, பருப்பு முதல்ல, சோறு கடைசியில. சாப்பாட்டோட தண்ணி கூடாது, அரை மணி நேரம் கழிச்சுத்தான். அவசரமா முழுங்கினா வாந்தி. நாலாவது மாசம் முடி கொத்துக் கொத்தாக் கொட்டுச்சு, அழுதாங்க. கை தோல் தொங்குது. சத்து மாத்திரை ஆயுசுக்கும் போடணும், ரத்தப் பரிசோதனை விடக் கூடாது. வயசுப் பொண்ணுங்க ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்துக்குக் கர்ப்பம் தள்ளிப் போடணும். இனிப்பும் நொறுக்குத்தீனியும் திரும்பினா எடையும் திரும்பும்.

இதைக் கேட்டுட்டு எங்க ஊர்ல ஒரு அக்கா, கல்யாணத்துக்கு முன்னாடி தன் பொண்ணுக்குச் செய்யலாமான்னு கேட்டாங்க. கணக்குப் போட்டோம், 27 வந்துச்சு. சுகர், பிரஷர் எதுவும் இல்லை. "அக்கா, இது அழகுக்குச் செய்ற ஆபரேஷன் இல்லை. பொண்ணு நடக்கட்டும், சாப்பாட்டை மாத்துங்க, டாக்டரைப் பாருங்க"ன்னு சொன்னேன். 2025-ல இருந்து வாரம் ஒரு ஊசியும் வந்திருக்கு. நிறுத்தினா எடை திரும்ப ஏறும். அதையும் டாக்டர் சொல்லாம கடையில வாங்கிப் போடாதீங்க.

என் முடிவு இதுதான். எடையால உயிருக்கே கஷ்டம் வந்து, வேற வழியெல்லாம் பார்த்து முடியாம, அனுபவமுள்ள மருத்துவமனையில எல்லாப் பரிசோதனையும் முடிச்சு, ஆயுசுக்கும் கூடவே இருந்து பார்த்துக்க வீட்டுல ஒரு ஆளும் இருந்தா, இந்த ஆபரேஷன் நியாயமான வழிதான். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் அவசரப்படாதீங்க. காப்பீட்டு அட்டையில வருமான்னு போன உடனே அங்கேயே கேட்டுக்கோங்க.

கடன் பதிவேட்டுல நோக்கம்னு ஒரு கட்டம் இருக்கு இல்லையா, அதுல "மருத்துவச் செலவு"ன்னு என் கையாலதான் எழுதினேன். அண்ணி ஒரு தவணைகூடத் தவறலை. நாளைக்கு உங்க குழுவுல ஒருத்தர் இப்படிக் கேட்டு வந்தா, கொடுக்கிறதும் மறுக்கிறதும் அப்புறம். முதல்ல சிரிக்காதீங்க.