சுத்தம் செய்யும் முன் ஒரு நகல்



எங்கள் பள்ளிக் கணினி ஆன் ஆவதற்குள் வருகைப்பதிவே எடுத்துவிடலாம். சென்ற ஆண்டு அதைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். அந்த விண்டோஸ் 10-இன் டிஸ்க் கிளீனப்பில் எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டு ஓகே கொடுத்தேன். அவற்றில் டவுன்லோட்ஸும் ஒன்று. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அதற்குள்தான் இருந்தது! அப்படி அழிப்பவை ரீசைக்கிள் பின்னுக்கும் போவதில்லை. விடைத்தாள்களைப் பார்த்து இரண்டு நாள் மறுபடி தட்டச்சு செய்தேன்.

ஆகவே முதலில் கோப்புகளைப் பென் டிரைவில் நகலெடுங்கள்; அங்கே திறக்கின்றனவா என்றும் பாருங்கள். பிறகு டெம்பரரி ஃபைல்ஸை அழிக்கலாம். விண்டோஸ் ஃபோல்டருக்குள் கை வைக்க வேண்டாம். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில், ஆன் செய்ததும் தானே ஓடத் தொடங்கும் தேவையற்ற மென்பொருள்களை டிசேபிள் செய்யுங்கள். எதையும் அழிக்காமலே கணினி சீக்கிரம் எழும். ‘ஒரே கிளிக்கில் வேகம்’ என்று வரும் இலவச மென்பொருள்களை நான் நம்புவதில்லை. உள்ளே தூசி தட்டும் முன் மின் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள்.

அப்புறமும் மந்தமா? ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் நல்ல வித்தியாசம் தெரியும். கழற்றிய டிஸ்கை மட்டும் கடையிலேயே விட்டு வராதீர்கள். நம் பிள்ளைகளின் ஆதார் எண்கள் அதில் இருக்கின்றன.