இரவல் புரோகிராம்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



"செயற்கை நுண்ணறிவைப் பத்தி நம்ம பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க" என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டுக்கொண்டார். தலைப்பு பெரிது, நான் சின்ன ஆள். முப்பது வருஷமாகப் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். ஆகவே எனக்குப் பழக்கமான ஒரே ஒரு எண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த எண் 32,767.

எங்கள் காலத்து கம்ப்யூட்டர் லேப் நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு மிஷினுக்கு நாலு பேர். ஒருத்தன் தட்ட, மூணு பேர் யோசனை சொல்லுவோம். டர்போ சி-யில் 'இன்ட்' என்று எழுதினால் 16 பிட் இடம் கிடைக்கும். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. ஒன்று கூடினால் மைனஸ் 32,768 ஆகிவிடும். பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99,999-ஐத் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்துக்கு வருமே, அந்த மாதிரி.

வைவாவில் எங்கள் பேராசிரியர் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார்: "இந்தப் புரோகிராம் எப்போ தப்பு பண்ணும்?" நான் நெஞ்சை நிமிர்த்தி, "தப்பே பண்ணாது சார்" என்றேன். சிரித்துக்கொண்டே மார்க்கைக் குறைத்தார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

1994-ல் ஒரு சின்ன கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு நூற்பாலைக்குச் சம்பளக் கணக்குப் புரோகிராம் பத்து நாளில் வேண்டும் என்றார்கள். சீனியர் ஒருவர் வேறொரு சிறிய ஆபீசுக்கு எழுதியது ஃப்ளாப்பியில் இருந்தது. அதை எடுத்துப் பெயரை மாற்றினேன், தலைப்பை மாற்றினேன், நாலே நாளில் முடித்தேன். கெட்டிக்காரன் என்று பெயரும் வாங்கினேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு தொழிலாளி ஓய்வு பெற்றார். அவருக்கு வரவேண்டிய கிராஜுவிட்டி 41,300 ரூபாய். என் புரோகிராம் அச்சடித்த சீட்டில் மைனஸ் 24,236 என்று வந்தது. கம்ப்யூட்டர் போட்ட கணக்காயிற்றே, யார் சரிபார்ப்பார்கள்? சீட்டு அவர் கைக்கே போய்விட்டது. மறுநாள் நான் அங்கே போனபோது வாசலில் நின்றிருந்தார். "தம்பி, முப்பது வருஷம் உழைச்சேன். கடைசியில நான்தான் மில்லுக்குக் கடன்காரனா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே கையால் கணக்குப் போட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சீட்டோடு அவர் வீட்டில் முந்தின ராத்திரி எப்படிக் கழிந்திருக்கும் என்று நான் இன்றைக்கும் நினைப்பதுண்டு. சீனியர் எழுதியதில் தப்பில்லை. அந்தச் சின்ன ஆபீசில் யாருக்கும் அவ்வளவு பெரிய தொகை வராது. எந்த அளவுக்குத் தைத்த சட்டை என்று கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டவன் நான்.

இரண்டு வருஷம் கழித்து அதே 32,767 உலகத்துக்கே தலைப்புச் செய்தி ஆனது. 1996 ஜூன் 4 அன்று தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. உள்ளே நாலு கிளஸ்டர் ஆய்வுச் செயற்கைக்கோள்கள். ஒரு நிமிஷம்கூடப் பறக்கவில்லை. சுமார் நாற்பதாவது நொடியில் பாதை மாறி வானத்திலேயே சிதறியது.

கணிதமேதை ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான குழு விசாரித்தது. ராக்கெட்டின் நிலையைக் கணக்கிடும் கருவியின் புரோகிராம், ஏரியன் 4-லிருந்து எடுக்கப்பட்டது. அதில் ஓர் இடத்தில் 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் அடக்க வேண்டும். ஏரியன் 4-ன் பாதையில் அந்த எண் வரம்பைத் தாண்டாது என்று கணித்து, அங்கே பாதுகாப்பு வைக்காமல் விட்டிருந்தார்கள். புது ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். எண் வரம்பை மீறியது, கருவி நின்றுபோனது. மாற்றுக் கருவி இருந்ததே என்பீர்கள். இருந்தது. அதிலும் அதே புரோகிராம். அது ஒரு கணம் முன்னாலேயே அதே காரணத்தால் நின்றிருந்தது! இன்னொரு வேடிக்கை, அந்தக் கணக்கு ஏரியன் 5 கிளம்பிய பிறகு தேவையே இல்லை. பழையதில் இருந்தது, புதியதிலும் ஓடிக்கொண்டிருந்தது.

அதை எழுதியவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. பின்னால் திருத்திய அதே ஏரியன் 5 தான் 2018-ல் நம் ஜிசாட்-11-ஐயும், 2021-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியையும் சுமந்து சென்றது. ஆனால் முதல் பயணத்துக்கு முன், புது ராக்கெட்டின் பாதையைக் கொடுத்து அந்தக் கருவியைச் சோதித்துப் பார்க்க விட்டுவிட்டார்கள். பேராசிரியரின் அந்த ஒரு கேள்வியை அங்கே யாராவது கேட்டிருக்கலாம்.

இப்போது செயலாளர் கொடுத்த தலைப்புக்கு வருகிறேன். 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்தபின், கேட்ட நொடியில் புரோகிராம் எழுதித் தரும் கருவிகள் எல்லோர் கைக்கும் வந்துவிட்டன. நானும் தினம் பயன்படுத்துகிறேன், ஒளிப்பானேன்? அவற்றை ஒதுக்குங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அதுவும் ஒரு ஃப்ளாப்பிதான் தம்பிகளே. ஊரில் யார் யாரோ எழுதியதைப் படித்துப் பழகிய கருவி அது. உங்கள் மில் எது, அங்கே ஓய்வு பெறப்போகிற மனிதர் யார் என்று நீங்கள் சொன்னாலொழிய அதற்குத் தெரியாது. என் சீனியரிடமாவது, "அண்ணே, இது எவ்வளவு தொகை வரைக்கும் தாங்கும்?" என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை ஆகிவிடக் கூடாது. இரவல் வாங்குங்கள், நாங்களும் வாங்கினோம். வாங்கிய பின் இரண்டு காரியம் செய்யுங்கள். இந்தப் புரோகிராம் எதையெல்லாம் நம்பி ஓடுகிறது என்று அதன் தலையிலேயே நாலு வரி எழுதி வையுங்கள். பிறகு, வரவே வராது என்று நினைக்கிற பெரிய எண்ணை ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள். இதற்கு அரை மணி நேரம் போதும்.

"எப்போ தப்பு பண்ணும்?" என்று யாராவது கேட்டால், என்னைப் போல "பண்ணாது சார்" என்று சொல்லாதீர்கள். அன்று குறைத்த மார்க் நியாயம்தான் என்று என் பேராசிரியருக்கு இந்த மேடையிலிருந்து சொல்லிக்கொண்டு விடைபெறுகிறேன்.