மணி சொல்லிக்கொடுத்த பாடம்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் கல்வியின் பெருமையைப் பேசுவதுதான் வழக்கம். நான் இன்று ஒரு நாயைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்காதீர்கள். பயிற்சிக் கல்லூரியில் நான் படிக்காமல் விட்ட ஒரு பாடத்தை அதுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பட்டணத்திலுள்ள ஒரு விலங்குக் காப்பகத்திற்குப் போனேன். குட்டி வாங்கத்தான் போனேன். முன்பக்கக் கூண்டுகளில் வெள்ளையும் பழுப்புமாகக் குட்டிகள் துள்ளிக்கொண்டிருந்தன. கடைசிக் கூண்டில் மட்டும், இருட்டோடு இருட்டாக, ஒரு பெரிய கறுப்பு நாய் எழுந்திருக்காமல் படுத்திருந்தது. "இதை யாரும் கேக்கிறதில்லைங்க சார். பெரிசு, கறுப்பு. பார்த்ததும் பயந்துடுறாங்க" என்றார் அங்கிருந்த பணியாளர். என்ன தோன்றியதோ தெரியவில்லை, அதையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கறுப்பன் என்று பெயர் வைக்கலாமென்றால் என் தாயார் விடவில்லை. "அது சாமி பேருப்பா, நாய்க்கு வைக்காதே" என்றார். ஆகவே மணி ஆயிற்று.

லயத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. "வாத்தியாரே, விடியக்காலையில மரத்துக்குப் போறவங்க நாங்க. இருட்டுல இது குறுக்க வந்தா என்ன செய்றது?" என்று ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்விதானே? வேலி போட்டேன். லைசன்ஸ் எடுத்தேன். தடுப்பூசி போட்டேன். குட்டி போடாதிருக்க அறுவை சிகிச்சையும் செய்தாயிற்று. பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தாருக்கு நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். அவர்கள் வாசல் பக்கம் மணி போகாமல் பார்த்துக்கொள்வது என் கடமை அல்லவா?

இனி அந்தப் பாடத்திற்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை, பள்ளியிலிருந்து கொண்டுவந்த ரோத்தானை மேசைமேல் வைத்தேன். அடிப்பதற்கல்ல, வகுப்பில் மேசையைத் தட்டுவதற்காக வைத்திருந்தது. அது 'டக்'கென்று விழுந்த சத்தத்தில், அவ்வளவு பெரிய நாய் வாலைக் காலிடுக்கில் சுருட்டி, காதுகளைப் பின்னால் மடக்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டது. நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டது. என் வீட்டில் யாரும் அதை ஓர் அடிகூட அடித்ததில்லை. முன்பு எங்கோ வாங்கிய அடி அதன் உடம்பில் இருந்தது.

திங்கட்கிழமை நான்காம் ஆண்டு வகுப்பில் வழக்கம்போல் மேசையைத் தட்டினேன். கடைசி வரிசையில் ஒரு பையன். வாய்ப்பாடு கேட்டால் பேசவே மாட்டான். மந்தபுத்தி என்று நானே நினைத்திருந்தேன். சத்தம் கேட்டதும் அவன் தோள் ஒடுங்கியது; கண்கள் இறுக மூடிக்கொண்டன. சனிக்கிழமை பார்த்த அதே நடுக்கம்! ஓராண்டாகத் தினமும் என் கண்முன் நடந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த மேடையில் அதை ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

ரோத்தானை அன்றோடு விட்டுவிட்டேன். மணியிடம் செய்ததையே அவனிடமும் செய்தேன்: அவசரப்படுத்தவில்லை, குரலை உயர்த்தவில்லை, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். மணி என் கையிலிருந்து சோறு வாங்கித் தின்ன ஆறு வாரம் பிடித்தது. அந்தப் பையன் மூன்றாம் வாய்ப்பாட்டை முழுதாகச் சொல்ல ஒரு தவணை பிடித்தது. இன்று அவனுக்குப் பரிசு ஏதும் இல்லை. ஆனால் கேட்டால் பதில் சொல்கிறான்.

மாணவர்களே, உங்களுக்குச் சில வார்த்தைகள். தெரியாத நாயைக் கண்டால் ஓடாதீர்கள், கல்லெறியாதீர்கள், கண்ணோடு கண் முறைக்காதீர்கள், அசையாமல் நில்லுங்கள். கடித்துவிட்டால் அடி விழுமென்று வீட்டில் மறைக்காதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடி நோய் முற்றிவிட்டால் பிழைப்பது அரிது. ஆனால் காலத்தில் ஊசி போட்டால் தடுக்கலாம். 1885ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் அந்த ஊசியை 9 வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் போட்டுக் காப்பாற்றினார். நம் நாட்டில் சரவாக்கில் 2017இல் அந்த நோய் பரவி உயிர்களைப் பலி வாங்கியதை மறக்கக்கூடாது.

பெற்றோர்களே, பிள்ளை அழுகிறானென்று குட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு, வளர்ந்ததும் செம்பனைக் காட்டில் கொண்டுபோய் விடாதீர்கள். நாய் பத்து, பன்னிரண்டு ஆண்டு வாழும். முடியாதென்றால் வாங்காமலிருப்பதே நல்லது. வளர்ப்பவர்கள் நடுப்பகல் வெயிலில் கட்டிப்போடாதீர்கள். கறுப்பு உடம்பு சீக்கிரம் சூடேறும். நிழலும் தண்ணீரும் வேண்டும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளுக்குக் கைதட்டுவோம். வீட்டுக்குப் போனதும், பரிசு வாங்காத பிள்ளையை "உனக்கு ஏன்டா கிடைக்கல?" என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, "பசியாறினியா?" என்று கேளுங்கள். மற்றது தானாக வரும்.

அதே அம்மா இப்போது விடியற்காலையில் வேலியோரம் நின்று, "மணி, போய்ட்டு வரேன்டா" என்று சொல்லிவிட்டுத்தான் மரத்துக்குப் போகிறார்.