நஞ்சை ஏற்கும் மண்

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் என்று நாம் எண்ணிவிடுகிறோம். தேற்றாங்கொட்டையை இழைத்துக் கலங்கலை அடங்கச் செய்யலாம். ஆனால் நீரில் கரைந்துள்ள ஈயமும் காட்மியமும் கண்ணுக்குப் புலனாகா, நாவுக்கும் தெரியா. அவற்றைப் பற்றி நிறுத்தும் ஆற்றல் சிலவகைக் களிமண்ணுக்கு உண்டு.

கட்ச், பார்மேர் பகுதிகளில் வெட்டியெடுக்கப்படும் பெண்டோனைட் என்னும் களிமண்ணை எடுத்துக்கொள்வோம். அதன் துகள்கள் ஏட்டின்மேல் ஏடாக அமைந்தவை. ஏடுகள் எதிர்மின்னேற்றம் உடையவை. ஆதலால் நேர்மின்னேற்றமுள்ள சோடியம், கால்சியம் அயனிகளைத் தம்மிடையே வைத்துள்ளன. ஈயம் கலந்த நீர் பட்டதும் அவற்றை நீரில் விட்டு, ஈயத்தை ஏற்கின்றன. மண்ணில் நிகழும் இத்தகைய பண்டமாற்றை 1850-இல் ஜான் தாமஸ் வே என்னும் ஆங்கில வேதியியலார் ஆராய்ந்து வெளியிட்டார்.

எனினும் எல்லா நஞ்சுக்கும் ஒரே மண் உதவாது. மேற்கு வங்கத்துக் குழாய்க்கிணற்று நீரிலுள்ள ஆர்சனிக், ஈயத்தைப் போல நேர்மின்னேற்றம் கொண்டதன்று. ஆகவே பெண்டோனைட்டில் அது எளிதில் தங்காது. இரும்பு ஆக்சைடு செறிந்த செம்புரைமண்ணே அதைப் பற்றும். கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் அம்மண்ணைப் பக்குவப்படுத்தி வடிகட்டி அமைத்துள்ளனர்.

ஒன்றை நாம் மறக்கலாகாது. மண் நஞ்சை அழிப்பதில்லை; வாங்கி வைத்துக்கொள்கிறது. நிறைந்தபின் மேலும் ஏற்காது. அமிலநீர் பட்டால், ஏற்ற ஈயத்தைத் திருப்பியும் தரும். ஆதலின் நீரைச் சோதியாது வடிகட்டியை நம்புவதும், பயன்படுத்திய மண்ணை வாய்க்காலில் கொட்டுவதும் தகா. வீட்டு நீரைத் தூய்மையாக்கி ஊர் நீரைக் கெடுத்தால் நாம் பெற்ற பயன் யாது?